நாய்க்குட்டி கேமை எடுத்துட்டா "அதுக்கு யாரு சோறு வெப்பா"ன்னு கேக்குறா, 4 வயசுக்கு நல்ல பெட் கேம் எதுங்க?

கொங்குப்பொண்ணு:

வணக்கங்க எல்லாருக்கும். பாப்பாவுக்கு நாலரை வயசாகுது, நாய்க்குட்டி வேணும்னு ஒரே அடம். நாங்க இருக்கறது கோயமுத்தூர்ல மூணாவது மாடி வாடகை வீடு, ஓனரம்மா மீன் தொட்டிக்கே மூஞ்சிய சுளிக்கிறவங்க, எங்க அத்தைக்கு வேற நாய் முடின்னா ஆகாது. சரி போன்லயாச்சும் வளர்த்துட்டு போகட்டும்னு ஒரு பெட் கேம் போட்டுக் குடுத்தேன். பேரு வேண்டாங்க, எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்குது. குட்டிக்கு பசிச்சா பிஸ்கட் ஊட்டோணும், சோப்பு போட்டு குளிப்பாட்டோணும், பாத்ரூம் கூட்டிட்டு போகோணும், லைட்ட அமத்தி தூங்க வெக்கோணும்.

ஆரம்பத்துல நல்லாத்தானுங்க இருந்துது, குளிக்க மாட்டேன்னு ஓடறவ குட்டிகூட சேந்து நானும் குளிக்கறேன்னு வந்தா, எனக்கே ஆச்சரியம். அப்புறம்தான் தொல்ல ஆரம்பிச்சுது. ரெண்டு வாய் ஊட்டறதுக்குள்ள விளம்பரம், அதுல லோன் ஆப் வருது, துப்பாக்கி சுடற கேம் வருது, மூடற எக்ஸ் கடுகு சைஸ்ல ஒரு மூலைல இருக்குது, இவ விரலுக்கு அது எங்க சிக்கும், தொட்டா ப்ளே ஸ்டோருக்கு போய் நிக்குது. காயின் தீந்துட்டா வீடியோ பாத்தாத்தான் சாப்பாடுன்னு சொல்லுது. ராத்திரி நாங்க படுத்த பொறவு போன் மினுங்குது, பாத்தா அழுவற நாய்க்குட்டி படம் போட்டு நோட்டிஃபிகேஷன். இவளுக்கு படிக்கத் தெரியாது ஆனா படம் புரியுதுல்ல, எந்திரிச்சு உக்காந்துக்கறா.

எடுத்துறலாம்னு பாத்தா "அம்மா அப்போ அதுக்கு யாரு சோறு வெப்பாங்க, அது செத்துப்போயிருமா"ன்னு கேக்குறா. எனக்கு பதில் தெரியலீங்க. அதனால ரெண்டு கேள்வி. இந்த தொல்லையெல்லாம் இல்லாம சின்ன குழந்தைங்களுக்குன்னே செஞ்ச கேம் எதாச்சும் இருக்குதா? இதை எப்படி அழுகாம எடுக்கறது? போனே குடுக்காதீங்கன்னு மட்டும் சொல்லிராதீங்க, அதை வீட்லயே தெனமும் கேக்கறேன்.

பிக்சல்மாமா:

நான் மொபைல் கேம் பண்ற கம்பெனிலதான் குப்பை கொட்டுறேன் (குழந்தைங்க கேம் இல்ல), அதனால உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன் சிஸ்டர்.

முதல்ல பாப்பாவோட கேள்வி. ஆப் மூடி இருக்கும்போது அந்த குட்டி பசியோட எங்கயும் உக்காந்துட்டு இல்ல. பெரும்பாலான கேம்ல மூடுற நேரத்தை மட்டும் ஒரு எடத்துல எழுதி வெச்சுக்கும், மறுபடி திறக்கும்போது எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு கழிச்சுப் பாத்து பசி மீட்டரை அந்த அளவுக்கு எறக்கிக் காட்டும், அவ்ளோதான். ராத்திரி வர்ற அழுகாச்சி நோட்டிஃபிகேஷனும் பல கேம்ல நீங்க மூடும்போதே "இத்தனை மணிக்கு காட்டு"ன்னு போன்ல அலாரம் மாதிரி வெச்சுட்டு போறதுதான். அதனால இன்னைக்கே செட்டிங்ஸ்ல போய் அந்த ஆப்போட நோட்டிஃபிகேஷனை மொத்தமா ஆஃப் பண்ணுங்க, கேமை எடுக்குறது அப்புறம். பாதி பிரச்சினை அதுலயே அடங்கிடும். சாவு பத்தி, இப்ப வர்ற போன் பெட் கேம்ல அநேகமா எதுலயும் பெட் சாகாது. செத்துட்டா விளையாடுறவங்க போயிடுவாங்களே, அதனால மூஞ்சிய தொங்கப்போட்டுட்டு, அழுக்கா, கொட்டாவி விட்டுக்கிட்டு எவ்ளோ மாசம் ஆனாலும் காத்துக்கிட்டு இருக்கும்.

அடுத்து அந்த வீடியோ. காயினுக்கு வீடியோ பாக்க வைக்கிறதை எங்க தொழில்ல ரிவார்டட் ஆட்னு சொல்லுவோம். பெரியவங்களுக்கு அது ஒரு பேரம், வேணும்னா பாரு வேணாம்னா போ. நாலு வயசு குழந்தைக்கு அது பேரமே இல்ல, ஏன்னா அந்தப் பக்கம் ஒரு ஜீவன் பட்டினி கெடக்குதுன்னு அது நெஜமாவே நம்புது. இந்த எடம்தான் எனக்கு இந்த வகை கேம்ல புடிக்காத எடம். ஊட்டுறது குளிப்பாட்டுறது எல்லாம் அழகான விளையாட்டு, அந்தப் பாசத்துக்கு நடுவுல கல்லா போட்டு உக்காந்துக்குறது ரொம்ப மோசம்.

லோன் ஆப் விளம்பரம் வருதுன்னா அந்த கேம் பெரியவங்க கணக்குல ஓடுதுன்னு அர்த்தம், இல்ல வயசு கேட்ட எடத்துல நம்ம வயசு போட்டிருப்போம். குழந்தைங்களுக்குன்னு பதிவு பண்ண ஆப்னா கூகுள் ஃபேமிலி பாலிசி பிரகாரம் இந்த மாதிரி விளம்பரம் வரக்கூடாது. ப்ளே ஸ்டோர்ல கிட்ஸ் பக்கம் போய் டீச்சர் அப்ரூவ்டுன்னு ஒரு முத்திரை இருக்கான்னு பாருங்க, 2020ல கொண்டு வந்தாங்க. அது இருந்தா தங்கம்னு சொல்ல மாட்டேன், ஆனா குப்பைல பெரிய பகுதி அங்கயே வடிகட்டிடும். ஐபோன்ல ஆப் ஸ்டோர்ல கிட்ஸ் பிரிவு தனியா இருக்கு. அதே மாதிரி இன்ஸ்டால் பட்டன் கிட்டயே விளம்பரம் இருக்கு, ஆப்புக்குள்ள வாங்குறது இருக்குன்னு சின்னதா எழுதியிருக்கும், அதை படிக்காம யாரும் இறக்காதீங்க.

இன்னொன்னு, காசு. ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேக்குற மாதிரி மாத்திடுங்க. நம்ம ஊர்ல யுபிஐ பின், ஓடிபின்னு தடுப்பு இருக்குறதால கொஞ்சம் தப்பிக்கிறோம், ஆனா கிஃப்ட் கார்டு போட்டு ப்ளே பேலன்ஸ் வெச்சிருந்தா அதுக்கு பின் கெடையாது. அமெரிக்காவுல எஃப்டிசின்னு வாடிக்கையாளர் பாதுகாப்பைப் பாக்குற அரசு அமைப்பு ஆப்பிள் மேல எடுத்த நடவடிக்கைல ஒரு அம்மாவோட புகார் இருக்கு, அவங்க பொண்ணு டேப் பெட் ஹோட்டல்னு ஒரு கேம்ல 2,600 டாலர் செலவு பண்ணிட்டா. அப்போ ஒரு தடவை பாஸ்வேர்டு போட்டா அடுத்த 15 நிமிஷம் கேக்காமலே வாங்கலாம்னு இருந்துச்சு, அது பெத்தவங்களுக்கே தெரியாது. 2014 ஜனவரில ஆப்பிள் குறைஞ்சது 32.5 மில்லியன் டாலர் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க, அதே வருஷம் கூகுள் 19 மில்லியன். அதுவும் ஒரு பெட் கேம்தான் பாருங்க.

சிராங்கூன்வாசி:

மாமா சொன்ன "சாகாது" மேட்டர் படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு, எங்க காலத்துல செத்துச்சே! 97ல சிங்கப்பூர்ல நான் பிரைமரி ஸ்கூல், கிளாஸ்ல பாதி பேரு கழுத்துல டமகோச்சி தொங்கும். முட்டை சைஸ் பொம்மை, மூணே பட்டன், கருப்பு வெள்ளை புள்ளிதான் ஸ்க்ரீன். பண்டாய் கம்பெனி 1996 நவம்பர்ல ஜப்பான்ல விட்டாங்க, அடுத்த வருஷம் ஊரெல்லாம் பரவிருச்சு. யோகோய், மைதான்னு ரெண்டு பேரு உருவாக்குனது. அதுக்கு பாஸ் பட்டனே கிடையாது, நீ பரீட்சை எழுதுறியோ தூங்குறியோ அதுக்கு பசிச்சா கீச்சுனு கத்தும், கக்கா போனா அள்ளணும், கவனிக்கலன்னா மண்டையப் போட்டுரும். அதனால ஸ்கூலுக்கு போகும்போது எங்க பாட்டி கிட்ட குடுத்துட்டுப் போவேன், அவங்க வெத்தலை இடிச்சுக்கிட்டே ஊட்டுவாங்க. மணி திருத்துற ஸ்க்ரீன்ல விட்டு வெச்சா நேரம் ஓடாதுன்னு ஒரு குறுக்கு வழி இருந்துச்சு, அது தெரிஞ்சவன்தான் கிளாஸ்ல ஹீரோ.

கொங்குப்பொண்ணு அக்கா, உங்க கேள்விக்கு இதுல ஒரு வழி இருக்கு. ஜப்பான் மாடல்ல செத்தா பேயும் கல்லறையும் காட்டும். வெளிநாட்டுக்கு இங்கிலீஷ்ல விடும்போது அதை மாத்தி, தேவதை ஆயிருச்சு, இல்லன்னா தன்னோட சொந்த கிரகத்துக்கு திரும்பிப் போயிருச்சுன்னு காட்டினாங்க. அப்படியும் புள்ளைங்க அழுகை நிக்கல, இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் செல்லப்பிராணிங்களுக்கான கல்லறைத் தோட்டம் ஒன்னுல டமகோச்சிக்குன்னே தனி இடம் ஒதுக்குற அளவுக்கு போச்சு. அதனால உங்க பாப்பா அழுறது ஒன்னும் அதிசயம் இல்ல. குட்டி அதோட ஊருக்கு அம்மாகிட்ட போயிருச்சுன்னு சொல்லிப் பாருங்களேன்.

சும்மாஒருத்தன்:

ஐயோ அந்த பூனை கேம்லாம் போடவே போடாதீங்க!! ஏஞ்சலான்னு ஒரு பூனை, அதோட கண்ணுக்குள்ள உத்து பாத்தா ஒரு ஆள் உக்காந்து நம்ம வீட்டை வேவு பாக்குறான், குழந்தைய போட்டோ எடுக்குறான். எங்க ஃபேமிலி குரூப்ல வந்துச்சு, உஷாரா இருங்க மக்களே

பிக்சல்மாமா:

தம்பி அது 2014 வாக்குல இருந்து சுத்திக்கிட்டு இருக்குற ஃபார்வர்டு, பல தடவை பொய்னு நிரூபிச்சாச்சு. கண்ணுல ஆளும் இல்ல ஒன்னும் இல்ல. அந்த டாம், ஏஞ்சலா பூனை கேமெல்லாம் அவுட்ஃபிட்7னு ஸ்லோவேனியா நாட்டுல ஆரம்பிச்ச கம்பெனி பண்ணது, பேசுற டாம் 2010, வளர்க்குற டாம் 2013, வளர்க்குற ஏஞ்சலா 2014. 2017ல சீனாக்காரங்க 100 கோடி டாலருக்கு வாங்கினாங்க, இலவச கேம்ல எவ்ளோ காசு இருக்குன்னு இதுல இருந்தே தெரிஞ்சுக்கலாம். கவலைப்படணும்னா விளம்பரத்தைப் பத்தியும் ஆப் எடுக்குற டேட்டாவைப் பத்தியும் கவலைப்படுங்க. நம்ம நாட்டு 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்துலயே குழந்தைங்களைக் குறி வெச்சு விளம்பரம் காட்டக்கூடாதுன்னு இருக்கு. ஆளைத் தேடி பூனை கண்ணுக்குள்ள எட்டிப் பாக்காதீங்க.

ஸ்காபரோ_அம்மா:

எங்கட வீட்டிலயும் இதே கதைதான், எங்கட சின்னவள் மூண்டு வயசில இருந்து விளையாடுறாள், அதால அனுபவத்தில சொல்லுறன். ரெண்டு சாதி கேம் இருக்கு. ஒண்டு மீட்டர் வைச்சது, பசி நித்திரை அழுக்கு எண்டு எந்த நேரமும் இறங்கிக் கொண்டே இருக்கும், பிள்ளை அதுக்குப் பின்னால ஓட வேணும். மற்றது மீட்டர் ஒண்டும் இல்லாதது, வெறும் பாவனை விளையாட்டு. இந்த வயசுக்கு ரெண்டாவதுதான் சரி எண்டது என்ர முடிவு.

டோக்கா போக்கா எண்டு ஸ்வீடன்காரர் செய்தது, அதில டோக்கா பெட் டாக்டர் எண்டு ஒண்டு இருக்கு. மிருகங்கள் ஒவ்வொண்டா வரும், ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்னக் கரைச்சல், அதைப் பார்த்துச் சரி செய்து சாப்பாடு குடுக்க வேண்டியதுதான். காசுநாணயம் இல்லை, தோல்வி இல்லை, நேரம் ஓடாது, நடுவில விட்டுட்டுப் போனாலும் ஒருத்தரும் அழ மாட்டினம். மற்றது சாகோ மினி, அது எங்கட டொரொண்டோவில செய்யிறது, ஹார்வி எண்டு ஒரு நாய் வரும், எங்கட பிள்ளைக்கு அதுதான் உயிர். 2016இல ரெண்டையும் ஸ்பின் மாஸ்டர் வாங்கிப் போட்டினம், அதுதான் போ பட்ரோல் எண்ட நாய்க்குட்டிக் கார்ட்டூன் செய்யிற கொம்பனி. இவையின்ர கேம் அநேகமா காசு குடுத்துத்தான் எடுக்க வேணும். எனக்கு முதல்ல மனம் வரேல்லை, பிறகு யோசிச்சன், சும்மா வாற கேமுக்கு பிள்ளையின்ர கண்ணாலதானே காசு கட்டுறம் எண்டு.

ஐபாட் இருந்தால் கைடட் அக்சஸ் போடுங்கோ. பட்டனை மூண்டு தரம் அமத்தினால் வாற மாதிரி செட்டிங்ஸில வைக்கலாம், பிறகு பிள்ளையால அந்த ஆப்பை விட்டு வெளியில போகேலாது, எத்தினை நிமிஷம் எண்டும் வைக்கலாம். ஸ்கிரீனில விரலால ஒரு வட்டம் கீறினால் அந்த இடத்தைத் தொட்டாலும் வேலை செய்யாது, நான் கடைப் பட்டன் இருக்கிற மூலையை அப்பிடித்தான் மூடி வைச்சிருக்கிறன். அன்ட்ராய்டில ஆப் பின் பண்ணுறது எண்டு ஒண்டு இருக்கு, வட்டம் கீறேலாது ஆனால் பிள்ளையால லேசில வெளியில போகேலாது.

எடுக்கிறதுக்கு நான் செய்தது இது. சொல்லாமல் கொள்ளாமல் அழிக்கேல்லை. பின்னேரம் அவளோட இருந்து கடைசித் தரம் எண்டு சொல்லியே விளையாட விட்டன், சாப்பாடு குடுத்து, தோய வார்த்து, கேமுக்கை இருக்கிற லைட்டை அவளையே நிப்பாட்டச் சொன்னன். இனி அவர் நல்லா நித்திரை கொள்ளுவார், பசிக்காது எண்டு சொன்னன். அடுத்த நாள் ஒருக்கா கேட்டாள், பிறகு மறந்திட்டாள். பிள்ளையளுக்கு அது பட்டினி கிடக்குமோ எண்ட பயம்தான் பெரிசு, கேம் போனது பெரிசில்லை.

மாட்டுடாக்டர்:

கால்நடை மருத்துவர், திருநெல்வேலி பக்கம். ஸ்காபரோ அம்மா சொன்னது நல்ல யோசனை. சிராங்கூன்காரர் சொன்ன "அம்மாகிட்ட போயிருச்சு"தான் எனக்கு ஒத்துவரல, நாளைக்கு அவங்கம்மா ஊரு எங்கன்னு கேப்பா, கூட்டிட்டுப் போன்னு நிப்பா. அது படம், நாம தொறந்தாத்தான் முழிக்கும், மூடிட்டா பசிக்காதுன்னு நேரா சொல்லுங்க. நாலு வயசுக்கு அது புரியும்.

நான் வந்தது வேற விஷயத்துக்கு. இந்த கேமை ஆடிட்டு வர்ற பிள்ளைங்களை நான் கிளினிக்ல பாக்கேன். நாய்க்கு கேக்கு, சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாம் ஊட்டலாம்னு நெனைச்சுக்கிட்டு வருதுங்க, ஏன்னா கேம்ல அதைத்தான் ஊட்டுது, அதுவும் சிரிச்சுக்கிட்டே திங்குது. சாக்லேட் நாய்க்கு விஷம், திராட்சை ஆகாது, வெங்காயம் ஆகாது. பூனையை தெனமும் சோப்பு போட்டு குளிப்பாட்ட வேண்டியதே இல்ல, அது நக்கி நக்கியே சுத்தம் பண்ணிக்கிடும். பாலும் வளந்த பூனை நெறைய பேத்துக்கு ஒத்துக்காம வயித்தால போகும். இதையெல்லாம் விளையாடும்போது பக்கத்துல உக்காந்து சும்மா பேச்சோட பேச்சா சொல்லி வைங்க.

அதை விட முக்கியமானது, கேம் நாய் எப்ப தொட்டாலும் வாலாட்டும். தெரு நாய் அப்படி இல்ல. சாப்பிடுற நாய், தூங்குற நாய், குட்டி போட்ட நாய், இது மூணையும் கிட்டயே போய் தொடக்கூடாதுன்னு பாப்பாவுக்கு பாடமாவே சொல்லிக் குடுங்க. காது பின்னால மடிஞ்சு, உடம்பு வெறைச்சு, உதட்டை நக்கிக்கிட்டு மூஞ்சிய திருப்புச்சுன்னா என்னை விடுன்னு சொல்லுதுன்னு அர்த்தம். வாலை ஆட்டுனாலே பிரியம்னு இல்ல. தப்பித்தவறி கடிச்சாலோ பிராண்டுனாலோ, குட்டி நாய்தானேன்னு விட்டுராதீங்க, ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாப்பொடி எதுவும் வைக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரில ஊசி இலவசம், சொல்ற தேதில எல்லா டோஸும் போட்டு முடிக்கணும். குழந்தைங்க திட்டுக்கு பயந்து கடிச்சதை மறைச்சுரும், அதனால சொன்னா திட்ட மாட்டேன்னு இப்பமே சொல்லி வைங்க.

மருதமலை_தாத்தா:

கண்ணு, நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் சொல்லித்தான் ஆகோணும். போன்ல நாய் வளர்த்து என்னம்மா ஆகப்போகுது. எங்க காலத்துல வீட்டுக்கு வீடு கோழி, கண்ணுக்குட்டி, தோட்டத்துல கோம்பை நாய் ஒன்னு. பேசாம ஒரு பச்சைக்கிளி வாங்கி கூண்டுல வெச்சுக் குடு, பேசும், செலவும் இல்ல, மாடி வீட்டுக்கும் தோதா இருக்கும்.

மாட்டுடாக்டர்:

ஐயா மன்னிக்கணும், பச்சைக்கிளி வளக்குறது சட்டப்படி குத்தம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அது வருது, நட்சத்திர ஆமையும் அப்படித்தான். கடைல விக்கான்னா அது லைசென்ஸ் இல்ல. மாடி வீட்டுக்கு பறவைதான் வேணும்னா லவ் பேர்ட்ஸ் வளக்கலாம், அதுல தடை இல்ல, ஆனா ஒத்தைல வெச்சா ஏங்கிப் போகும், ஜோடியா வாங்கணும். அதுக்கும் தெனமும் கூண்டு கழுவ ஆள் வேணும், நாலு வயசு பிள்ளை கழுவாது, அம்மாதான் கழுவணும். அதையும் யோசிச்சுக்கிடுங்க.

மருதமலை_தாத்தா:

அப்படியா சங்கதி. எங்க பக்கத்து வீட்டுல 10 வருசமா வெச்சிருக்கான், சொல்லி வைக்கறேன்.

கொங்குப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. நோட்டிஃபிகேஷன் ஆஃப் பண்ணிட்டேன், மாமா சொன்ன மாதிரியே ராத்திரி தொந்தரவு நின்னுது. ஸ்காபரோ அக்கா சொன்ன மாதிரி தூங்க வெச்சு எடுக்கலாம்னு இருக்கோம், ஆனா எங்கூட்டுக்காரர் அழிக்கறதுக்கு பதிலா மறைச்சு வெக்கலாம்ங்கறார், திடீர்னு ரொம்ப அழுதா திருப்பிக் குடுக்கலாம்னு. அப்படி எதாச்சும் வழி இருக்குதுங்களா? அதுவுமில்லாம எங்ககிட்ட இருக்கறது ஆண்ட்ராய்டு போன்தான். காசு குடுத்து வாங்கறதுன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல, ஒரே ஒரு கேமுக்கு மாசாமாசம் கட்டறதுன்னாத்தான் யோசனையா இருக்குது. டாக்டர் சார், நீங்க சொன்னதை அன்னைக்கே சொல்லிக் குடுத்தேன், இப்ப தெருவுல எந்த நாயைப் பாத்தாலும் "அது தூங்குது அம்மா, தொடாதே"ன்னு என்னைய அதட்டறா.

பிக்சல்மாமா:

ஆண்ட்ராய்டுல ஆர்க்கைவ்னு ஒரு வசதி இருக்கு, ஆப்பை அழுத்திப் புடிச்சா ஆப் இன்ஃபோ வரும், புது போன்ல அதுல ஆர்க்கைவ் பட்டன் இருக்கும். ஆப் போயிடும், குட்டியோட கணக்கு போன்லயே பத்திரமா இருக்கும், திரும்ப எறக்குனா விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கும். ஆனா ஐகான் மங்கலா ஸ்க்ரீன்லயே நிக்கும், அதைத் தொட்டா தானா எறங்கிடும், அதனால ஹோம் ஸ்க்ரீன்ல இருந்தும் எடுத்துடுங்க, பாப்பா கண்ணு ரொம்ப கூர்மை.

மாசக் கட்டணம் ஒரு கேமுக்குன்னா எனக்கும் வயிறு எரியும். கூகுள் ப்ளே பாஸ்னு ஒன்னு இருக்கு, 2022ல இந்தியாவுக்கு வந்தப்போ மாசம் 99 ரூபாய், அப்போ அதுல இருந்த கேம்ல விளம்பரமும் கிடையாது, உள்ள வாங்குற தொல்லையும் கிடையாது. ட்ரையல் போட்டு உள்ள குழந்தைங்க கேம் பட்டியலைப் பாருங்க, பாப்பாவுக்குப் பிடிச்சது இருந்தா வெச்சுக்கோங்க, இல்லன்னா ட்ரையல் முடியறதுக்கு முன்னாடியே கேன்சல் பண்ணிடுங்க, யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தா அதையும் சேத்து.

ஸ்காபரோ_அம்மா:

எந்த கேம் எண்டாலும் நேரத்தைப் பாத்துக் கொள்ளுங்கோ. உங்கட இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே ரெண்டில இருந்து அஞ்சு வயசுக்கு ஒரு நாளைக்கு ஆகக் கூடினது ஒரு மணித்தியாலம், அதுவும் பெரியாக்கள் பக்கத்தில இருக்க வேணும் எண்டுதான் சொல்லியிருக்கு, டிவியும் அதுக்குள்ளதான். எங்கட வீட்டில சாப்பாட்டு மேசையில கேம் இல்லை, அது ஒண்டுதான் கண்டிப்பு.